துப்பாக்கிக் கட்டைக்கு எண்ணெய் மெருகு

துப்பாக்கியின் இரும்புக் குழலையும் இயங்கும் உறுப்புகளையும் தாங்கிப் பிடித்து, அவற்றைச் சுடுபவரின் தோளோடும் கன்னத்தோடும் இணைக்கும் மரப்பகுதியே கட்டை எனப்படுகிறது. இதில் தோளில் பதியும் பின்பகுதி தோள்கட்டை என்றும், குழலுக்கு அடியில் நீளும் பகுதி முன்கட்டை என்றும், இரண்டுக்கும் நடுவே கை பற்றும் ஒடுங்கிய இடம் கழுத்து என்றும் இந்நூலில் குறிக்கப்படுகின்றன. காவிரிப் படுகையில் உரிமம் பெற்றவர்களிடம் காணப்படும் 12 போர் குழல் துப்பாக்கிகள், இந்தியப் படைக்கலத் தொழிற்சாலைகளில் உருவான 315 போர் ரைபிள்கள், பயிர்க் காவலுக்கு உரிமம் தரப்படும் வாய்வழி மருந்திடும் நாட்டுத் துப்பாக்கிகள் ஆகியவற்றுள் பெரும்பாலானவை மரக்கட்டை கொண்டவையே. இவற்றின் இரும்புக்கு மாதந்தோறும் எண்ணெயிடும் உரிமையாளர்கள்கூட மரத்தைக் கவனிப்பதில்லை என்பதால், குழல் பழுதின்றி இருக்கும்போதே கட்டை வெளுத்தும் வெடித்தும் பூஞ்சணம் பூத்தும் கெட்டுவிடுகிறது. இக்கேட்டைத் தடுக்கவும், ஓரளவு கெட்ட கட்டையை மீட்கவும் உதவும் ஆளிவிதை எண்ணெய் மெருகு முறையை இவ்வத்தியாயம் விளக்குகிறது.

ஈரமும் மரமும்

வெட்டி உலர்த்திய மரமும் காற்றின் ஈரத்தை ஏற்பதையும் இழப்பதையும் நிறுத்துவதில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காடாக நீடித்தால் மரத்தின் எடையில் ஏறத்தாழ 12 விழுக்காடு நீராக நிற்கும். அதுவே 80 விழுக்காடாக உயர்ந்தால் மரத்தின் நீரளவு 16 விழுக்காட்டை நெருங்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளில் ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையும் நீர் நின்ற நெல்வயல்களும் சேர்ந்து காற்றை ஈரமாகவே வைத்திருக்க, பங்குனிக்குப் பின் வரும் வெயில் அதே மரத்தை வற்றச் செய்கிறது. இந்த ஏற்றத்தாழ்வில் மரம் நார்ப்போக்குக்குக் குறுக்காக விரிந்தும் சுருங்கியும் அசைவதால், குழலைத் தாங்கும் பள்ளம் குழலை நெருக்கிக் குறியை விலகச் செய்யலாம். இரும்பின் வால்பகுதி மரத்தில் பொருந்தும் இடத்தில் மயிரிழை வெடிப்பும் தோன்றலாம்.

தஞ்சைத் தச்சர்களுக்குப் பழக்கமான பூச்சு, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சால் ஏற்றும் பிரெஞ்சு பாலிஷ் ஆகும். வீட்டுக்குள் நிற்கும் அலமாரிக்கும் இசைக்கருவிக்கும் அது அழகு சேர்த்தாலும், நீர் பட்டால் வெளுத்துப்போகும் இயல்புடையது என்பதால் வயல்வரப்பில் எடுத்துச் செல்லும் துப்பாக்கிக்கு ஏற்றதன்று. கெட்டியான வார்னிஷ் நீரைத் தடுக்கும் எனினும், அடிபட்ட ஒரே இடத்தில் அதன் படலம் உடைந்துவிட்டால் அவ்வழியே நீர் அடியில் ஊர்ந்து பரவ, முழுப் பூச்சையும் உரிக்காமல் அவ்விடத்தைச் சீர்செய்ய முடிவதில்லை. எண்ணெய் மெருகோ மரத்தின் மேல்நார்களுக்குள் இறங்கி அங்கேயே இறுகுவதால், கீறல் விழுந்த இடத்தில் மட்டும் மீண்டும் தேய்த்து ஏற்றிக்கொள்ள இடம் தருகிறது. காற்றின் ஈரத்தை அது முற்றிலும் தடுப்பதில்லை. உள்ளே புகும் வேகத்தைக் குறைத்து, மேலே விழும் மழைத்துளியை ஊறவிடாமல் காக்கிறது. ஆகவே இம்முறையில் பயன் காண விரும்புபவர், ஆண்டுதோறும் செய்யும் பராமரிப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

உலரும் எண்ணெயும் உலரா எண்ணெயும்

எண்ணெய்களில் சில, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, தம் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு திண்மப் படலமாக மாறுகின்றன. இவை உலரும் எண்ணெய்கள். ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு லினோலெனிக் அமிலம் என்னும் எளிதில் வினைபுரியும் கொழுப்பு அமிலமாக இருப்பதே அது இறுகுவதற்குக் காரணம். சீனாவில் விளையும் துங் மரத்தின் விதையெண்ணெயும் இவ்வகையைச் சேர்ந்தது. தேங்காயெண்ணெய், கடலையெண்ணெய், விளக்கெண்ணெய் ஆகியவை இவ்வாறு இறுகுவதில்லை. நல்லெண்ணெய் பாதி உலரும் இயல்புடையதாய்ப் பிசுபிசுத்து நிற்கும். வீட்டுக் கதவுக்கும் ஊஞ்சல் பலகைக்கும் பூசிய பழக்கத்தில் இவற்றைத் துப்பாக்கிக் கட்டைக்கும் தடவுவோர் உண்டு. தடவிய அன்று மரம் பளபளத்தாலும், சில வாரங்களில் தூசியும் வியர்வையும் ஒட்டிக் கரிய பிசுக்காகி, மழைக்காலத்தில் பூஞ்சணத்துக்கு உணவாகி, பின்னர் ஏற்றும் ஆளிவிதை எண்ணெயையும் பிடிக்கவிடாமல் செய்துவிடும்.

ஆளிவிதை எண்ணெய் கடைகளில் இரு வடிவில் கிடைக்கிறது. ஒன்று, விதையிலிருந்து பிழிந்தபடியே உள்ள பச்சை எண்ணெய். பிரிட்டிஷ் படைத்துறை தன் ரைபிள் கட்டைகளை ஊறவைத்தது இதில்தான். இது மரத்தில் நன்றாக இறங்கும், ஆனால் உலரப் பல நாள்கள் எடுக்கும். மற்றொன்று, பெயின்ட் கடைகளில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று விற்கப்படுவது. கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகள் உலர்த்தியாகச் சேர்க்கப்பட்டிருப்பதால் நல்ல வெயில் காலத்தில் ஒரு நாளளவில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரும். படுகையின் ஈரக்காற்றில் பச்சை எண்ணெயைத் தனியே பயன்படுத்துவது பொறுமையைச் சோதிக்கும் என்பதால், முதல் பூச்சுக்கு மட்டும் அதைக் கொண்டு, பிந்தைய பூச்சுகளுக்கு உலர்த்தி சேர்த்ததைக் கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. உலர்த்தி உப்புகள் நச்சுத்தன்மை உடையவை. கையுறை அணியாமல் அவ்வெண்ணெயைத் தொடக் கூடாது.

நிறம் மங்கிய மரத்துக்குச் சிவப்புச் சாயை வேண்டுவோர், இங்கிலாந்தின் துப்பாக்கிக் கைவினைஞர்கள் அல்கனெட் என்னும் வேரை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து நிறமேற்றிய முறையை உள்ளூர்ப் பொருளால் பின்பற்றலாம். நாட்டுமருந்துக் கடைகளில் கூந்தல் தைலத்துக்காக விற்கப்படும் வேம்பாளம்பட்டையும் எண்ணெயில் செந்நிறத்தை இறக்கக்கூடியது. பட்டையைச் சில நாள்கள் பச்சை எண்ணெயில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, அதே மர வகையின் துண்டொன்றில் பூசிப் பார்த்த பின்னரே கட்டைக்கு ஏற்ற வேண்டும்.

தொடங்கும் முன் அறிய வேண்டியவை

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கிகளைப் பழுது நீக்குவதற்கும் மாற்றியமைப்பதற்கும் உரிமம் வேண்டும் என்று விதிப்பதோடு, ஆயுதம் என்னும் சொல்லில் அதன் பாகங்களையும் அடக்குகிறது. எனவே உரிமையாளரின் பணி, தம் உரிமத்திலுள்ள துப்பாக்கியின் மரத்தைத் துடைத்து எண்ணெயிடும் அளவில் நிற்க வேண்டும். கட்டை முறிந்திருந்தாலோ புதிய கட்டை வேண்டியிருந்தாலோ, தெரிந்த தச்சரிடம் ஒப்படைக்காமல் உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடம் கொண்டுசெல்ல வேண்டும். இரும்பில் பொறித்த அடையாள எண்களை அழிப்பதைச் சட்டம் தடை செய்கிறது. மரத்தில் குத்தப்பட்ட தொழிற்சாலை முத்திரைகளும் அத்துப்பாக்கியின் வரலாறே ஆதலால் அவற்றையும் தேய்க்காமல் விட வேண்டும்.

நூறாண்டு கடந்த துப்பாக்கி எதையும் இம்முறைக்கு உட்படுத்துமுன் வல்லுநரின் கருத்தைக் கேட்பது கடமையாகும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறாண்டு பழமையான கைவினைப் பொருள்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தபின் தஞ்சை மராத்திய அரசு முடிவுக்கு வந்தது. அவ்வரசின் படைக்கலக் கொட்டிலைச் சேர்ந்த ஆயுதங்களின் ஒரு பகுதி இன்று சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. அத்தகைய பழம்பொருள்களின் மரத்தில் படிந்த கருமையும் கைபட்டு ஏறிய மெருகும் ஆய்வாளருக்குச் சான்றுகள் என்பதால் அவற்றை உரித்துப் புதுப்பிப்பது அழிவாகவே முடியும். இவ்வத்தியாயம் பயன்பாட்டில் உள்ள துப்பாக்கிகளுக்கு மட்டுமே உரியது.

முதல் வேலையாகத் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைத் துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, தோட்டாக்களை வேறு அறையில் பூட்டி வைக்க வேண்டும். அதன்பின் கட்டையை இரும்பிலிருந்து பிரிக்கும்போது வரிசை முக்கியம். லீ–என்ஃபீல்டு எஸ்.எம்.எல்.இ. வகை ரைபிளில் தோள்கட்டையைப் பிணைக்கும் நீண்ட போல்ட்டின் சதுர முனை, முன்கட்டையின் பின்புறத்திலுள்ள சிறு தகட்டில் சிக்கியிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் அந்தப் போல்ட்டைத் திருகினால் முன்கட்டை பிளந்துவிடும். அவ்வகை ரைபிள்கள் மேற்கு வங்கத்தின் ஈசாப்பூர்த் தொழிற்சாலையில் நெடுங்காலம் உருவாயின. அவற்றின் இயங்கமைப்பை ஒட்டி அமைந்த 315 போர் ரைபிளிலும் முன்கட்டையை முதலில் கழற்றும் வரிசையையே பின்பற்றுவது பாதுகாப்பானது. திருகுகளின் தலை தேயாதபடி, பிளவை முழுதும் நிரப்பும் அகலமுள்ள திருப்புளியைக் கொள்ள வேண்டும். ஒவ்வொரு திருகும் எந்தத் துளைக்குரியது என்பதைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

பழைய பூச்சை அறிதலும் நீக்கலும்

கட்டையின் மேல் இப்போது என்ன இருக்கிறது என்பதை அறியாமல் எதையும் தேய்க்கத் தொடங்கக் கூடாது. அடித்தகடு, அதாவது தோள்கட்டையின் முனையை மூடும் உலோகத் தகடு, மறைக்கும் இடத்தை ஒட்டி ஒரு சொட்டு ஸ்பிரிட்டை வைத்துச் சற்று நேரத்தில் அது பிசுபிசுத்தால் பழைய பூச்சு அரக்கு. ஸ்பிரிட்டுக்கு இளகாமல் என்.சி. தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் இளகாவிட்டால் வார்னிஷோ இறுகிய எண்ணெயோ எனக் கொள்ளலாம். அரக்கையும் லாக்கரையும் அவ்வவற்றைக் கரைக்கும் திரவத்தில் நனைத்த துணியால் பகுதி பகுதியாகத் துடைத்தெடுக்கலாம். வார்னிஷுக்கு மட்டுமே பெயின்ட் நீக்கி தேவைப்படும். முன்பு எண்ணெய் ஏற்றப்பட்ட கட்டையாயின், டர்பன்டைனில் நனைத்த துணியால் அழுக்கைத் துடைப்பதே பெரும்பாலும் போதும். அந்நிலையில் உரிக்கும் வேலை முழுவதையும் தவிர்த்துவிட்டு நேரே எண்ணெயேற்றத்துக்குச் செல்லலாம்.

காஸ்டிக் சோடா கலந்த நீரில் கட்டையைக் கழுவும் வழக்கம் சில இடங்களில் உண்டு. காரம் மரத்தின் டானின் என்னும் துவர்ப்புப் பொருளோடு வினைபுரிந்து வால்நட் போன்ற மரங்களைக் கறுக்கச் செய்வதோடு, நார்களையும் தளரச் செய்யும் என்பதால் அதைக் கைவிட வேண்டும். இயங்கமைப்பை ஒட்டிய இடத்தில் ஆண்டுக்கணக்கில் வழிந்த துப்பாக்கி எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தால், சாக்பவுடரை அசிட்டோனில் குழைத்துப் பூசி உலரவிட, அது மரத்திலுள்ள எண்ணெயை உறிஞ்சிப் பழுப்பாகும். தூளைத் துலக்கிவிட்டு, அதில் நிறம் ஏறாத நிலை வரும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். சாக்பவுடருக்குப் பதிலாகக் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொள்ளக் கூடாது. அது வெண்மையில் ஒத்திருந்தாலும் காரமானது. அசிட்டோன் ஆவி எளிதில் தீப்பற்றுவதால் இவ்வேலையை அடுப்பிலிருந்து விலகிய திறந்த தாழ்வாரத்தில் செய்வதே முறை.

பள்ளம் தூக்குதலும் தேய்த்தலும்

கட்டையில் விழுந்த பள்ளங்கள் பெரும்பாலும் நார்கள் நசுங்கியவையே தவிர வெட்டுண்டவை அல்ல. அவ்விடத்தின் மேல் நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித்துணியை இருமடிப்பாக வைத்து, சூடான இஸ்திரிப்பெட்டியின் முனையைச் சில நொடிகள் அழுத்தினால், எழும் நீராவி நசுங்கிய நார்களை ஊதச் செய்து பள்ளத்தை மேலே கொண்டுவரும். ஒரே முறையில் எழாவிட்டால் துணியை மீண்டும் நனைத்துத் தொடரலாம். நார் அறுந்த வெட்டு இதனால் எழாது. முத்திரை குத்திய இடத்தில் நீராவி பட்டால் முத்திரையும் எழுந்து மறைந்துவிடும் ஆதலால் அதை விலக்க வேண்டும்.

தேய்த்தல் எவ்வளவு குறைவோ அவ்வளவு நன்று. இரும்பைத் தொடும் விளிம்புகளில் மரம் இரும்பைவிட மிகச் சிறிதளவு மேலெழுந்து நிற்குமாறே தொழிற்சாலையில் பொருத்தப்பட்டிருக்கும். அவ்விளிம்பைத் தேய்த்துத் தாழ்த்திவிட்டால் அதை மீட்க வழியில்லை. தேவையான இடங்களில் மட்டும் 180, 220, 320 என்ற வரிசையில் உப்புத்தாளைச் சிறு மரத்துண்டில் சுற்றி நார்ப்போக்கின் திசையிலேயே தேய்க்க வேண்டும். பின்னர் ஈரத்துணியால் ஒற்றி உலரவிட, மேல்நார்கள் மயிர்போல் எழும். அவற்றை 320 தாளால் மென்மையாக நீக்கி, எழாத நிலை வரும் வரை இரண்டு மூன்று முறை செய்தால், மழையில் நனைந்தாலும் கட்டை சொரசொரப்பாகாது. ஸ்டீல் உல் கொண்டு தேய்ப்பதைப் படுகையில் தவிர்ப்பது நல்லது. மரத்தில் தங்கிவிடும் நுண்ணிய இரும்பிழைகள் ஈரக்காற்றில் துருப்பிடித்து, டானினோடு சேர்ந்து கரும்புள்ளிகளாகும். நைலான் தேய்ப்பு நார் அதே வேலையைப் பழுதின்றிச் செய்யும்.

எண்ணெய் ஏற்றும் காலமும் முறையும்

படுகையில் இப்பணிக்கு ஏற்ற காலம் பங்குனி முதல் வைகாசி வரை. மழைக்காலத்தில் எண்ணெய் உலர இரு மடங்கு காலம் பிடிப்பதோடு பூஞ்சணமும் பற்றும். தை, மாசி மாதங்களில் காற்று வறண்டிருந்தாலும் சம்பா அறுவடையின் உமித்தூசும் வைக்கோல் துகளும் ஊரெங்கும் பறந்து, உலராத எண்ணெயில் படிந்துவிடும். மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12க்கு முன் கடைசிப் பூச்சும் இறுகிவிடுமாறு திட்டமிடுவது வசதியானது. கட்டையை நேர்வெயிலில் காயவைக்கக் கூடாது. காற்றோட்டமுள்ள நிழலில் கம்பியில் தொங்கவிட வேண்டும்.

முதல் பூச்சுக்குப் பச்சை ஆளிவிதை எண்ணெயையும் டர்பன்டைனையும் சம அளவில் கலந்து, கட்டை முழுவதும் தாராளமாகத் தடவ வேண்டும். அடித்தகட்டின் அடியிலும் குழல் பள்ளத்தின் முனைகளிலும் நார்கள் குறுக்கே வெட்டுண்டு துளைகளாகத் திறந்திருக்கும். இந்த வெட்டுமுகங்களே நீரை மிகுதியாக உறிஞ்சுவதால், அவை மேலும் குடிக்காத நிலை வரும் வரை எண்ணெய் ஊட்ட வேண்டும். வெளியே தெரியும் பரப்பை மட்டும் மெருகேற்றி இவ்விடங்களை விட்டுவிடுவதே, மெருகிட்ட சில மாதங்களில் கட்டை மீண்டும் வெடிப்பதற்கு முதற்காரணம். இருபது நிமிடம் கழித்து, மரம் உறிஞ்சாமல் மேலே நிற்கும் எண்ணெய் முழுவதையும் உலர்ந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். துடைக்காமல் விட்ட எண்ணெய் இறுகாமல் கோந்துபோல் ஒட்டும்.

மூன்று நான்கு நாள்கள் கழித்து, வாசனை அடங்கி, பெருவிரலை அழுத்தி இழுத்தால் தடையின்றி வழுக்கினால், அடுத்த பூச்சைத் தொடங்கலாம். இனி எண்ணெயோடு டர்பன்டைன் சேர்க்க வேண்டியதில்லை. ஒரு கையளவு இடத்துக்குச் சில சொட்டுகளே போதும். மெல்லிய கையுறையிட்ட உள்ளங்கையால் சூடு பிறக்கும் வரை தேய்த்து, மிகுந்ததைத் துடைத்து உலரவிட வேண்டும். வால்நட் போன்று துளைகள் திறந்த மரமாயின், இரண்டாம் பூச்சை 400 நீர் உப்புத்தாளால் எண்ணெயோடு சேர்த்துத் தேய்க்க, எழும் மரக்குழம்பு துளைகளை அடைத்துப் பரப்பைச் சமப்படுத்தும். பழைய மரபில் இப்பூச்சு ஒரு வாரம் நாள்தோறும், ஒரு மாதம் வாரந்தோறும், ஓராண்டு மாதந்தோறும், அதன்பின் ஆண்டுதோறும் ஏற்றப்படும். ஈரக்காற்றுள்ள நாட்டில் இந்த நாள்கணக்கைவிட முந்தைய பூச்சு உலர்ந்ததா என்பதே அளவுகோல். ஒட்டும் பரப்பின் மேல் அடுத்த பூச்சை ஏற்றினால் இரண்டும் உலராது. அவ்வாறு ஒட்டிவிட்டால் டர்பன்டைன் துணியால் துடைத்து, நைலான் நாரால் தேய்த்துவிட்டு, ஒரு வாரம் இடைவெளி தர வேண்டும்.

தேக்கில் இயல்பாகவே உள்ள எண்ணெய், ஆளிவிதை எண்ணெய் இறுகுவதைத் தாமதப்படுத்தும். உள்ளூரில் தேக்கால் மாற்றிய கட்டையாயின் பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்து, பூச்சுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணெய்த் துணியால் நேரும் தீ

ஆளிவிதை எண்ணெய் உலரும் வினை வெப்பத்தை வெளியிடும் வினை. எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், ஈரத்தோடு கட்டிய வைக்கோல் போர் உள்ளுக்குள் சூடேறிப் புகைவதுபோல, வெளியேற வழியற்ற வெப்பம் திரண்டு சில மணி நேரத்தில் துணி தானே தீப்பற்றும். ஆகவே ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் துணிகளை வெளியே கொடியில் ஒற்றை மடிப்பாக விரித்து விறைக்கும் வரை உலர்த்த வேண்டும், அல்லது நீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் அமிழ்த்த வேண்டும். குப்பைக்கூடை, சாக்கு, வைக்கோல் பரண் ஆகியவற்றுக்கு அருகில் அவற்றை வைக்கவே கூடாது.

பொருத்துதலும் பராமரிப்பும்

குழல் பள்ளத்தில் பூசிய எண்ணெய் முற்றிலும் இறுகிய பின்னரே இரும்பைப் பொருத்த வேண்டும். ஈரமோ பிசுக்கோ எஞ்சியிருந்தால் கண்ணுக்குத் தெரியாத குழலின் அடிப்புறத்தில் துரு படரும். விரும்புவோர், தேன்மெழுகைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த சிறு கிண்ணத்தில் உருக்கி, தீயை அணைத்து அப்பால் எடுத்துச்சென்ற பின் டர்பன்டைன் சேர்த்துக் குழைத்து, மெல்லியதாகப் பூசித் துடைக்கலாம். மழைத்துளி தங்காமல் உருண்டோட இது உதவும்.

ஆண்டுக்கு இரு முறை, மழைக்கு முன் புரட்டாசியிலும் மழை ஓய்ந்தபின் தையிலும், கட்டையைச் சோதிக்க வேண்டும். புரட்டாசியில் நிறம் வெளிறிய இடங்களுக்கும் வெட்டுமுகங்களுக்கும் ஒரு மெல்லிய பூச்சு போதும்; தையில் பூஞ்சணம் தென்பட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து உலரவிட வேண்டும். தேர்தல் காலத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெற்ற துப்பாக்கியை, வாரக்கணக்கில் வேறொரு காற்றில் இருந்தது என்பதால், அன்றே பிரித்துப் பார்ப்பது நல்லது. தோலுறைக்குள்ளோ ரெக்சின் உறைக்குள்ளோ நெடுநாள் வைப்பது ஈரத்தை அடைத்து வைப்பதேயாகும். பூட்டிய இரும்பலமாரியில் உறையின்றி நிறுத்தி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, அவற்றை மழைக்காலத்தில் மாதந்தோறும் சூடாக்கி உலர்த்திப் பயன்படுத்த வேண்டும். எந்த எண்ணெய், எந்தத் தேதியில், எத்தனை பூச்சு என்பதை உரிமத்தோடு வைக்கும் சிறு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், பின்னாளில் அத்துப்பாக்கியைச் சட்டப்படி பெறுபவரும் அதைப் பழுது நீக்கும் கைவினைஞரும், மரத்தின் மேல் இருப்பதைச் சோதித்தறிய வேண்டிய தேவையின்றி, பராமரிப்பை விட்ட இடத்திலிருந்து தொடர முடியும்.